மஞ்சள் பையில் இருந்த துணி

என் மகனுக்குக் காது குத்திய அன்று என் அம்மா வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தாய்வீட்டுச் சீரோடு சிதம்பரத்திலிருந்து அண்ணனும் தங்கையும் மட்டும் பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூ, பட்டுத் துணி, ஒரு ஜோடிக் கடுக்கன் என்று எல்லாம் முறைப்படி இருந்தது. தங்கையின் தோளில் மட்டும் ஒரு மஞ்சள் பை தனியாகத் தொங்கியது. மாற்றுப் புடவையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கடலூரில் செம்மண்டலத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் ஆண் பிள்ளைக்கு மூன்று வயது முடிவதற்குள் பாலூர்ப் பக்கம் இருக்கிற குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட வேண்டும். ஊரெல்லாம் செய்கிறதுதான்.

நான் பிறந்த வீட்டில் மட்டும் அந்த வழக்கம் இல்லை. என் அண்ணனுக்குக் காது குத்தவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவனை ‘மூளிக் காதன்’ என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவன் தலையில் நான் குட்டிவிட்டு வருவேன். ஏன் குத்தவில்லை என்று கேட்டால் அம்மா, “அம்மனுக்கு வேண்டுதல். நம்ம வீட்டு ஆம்பளப் புள்ளைங்களுக்குக் குத்தக் கூடாது” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. மற்ற வீட்டில் இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்று எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “உங்க அம்மா வீட்டு அம்மன் டிக்கெட் எடுத்து செம்மண்டலம் வரைக்கும் வருமா? இது எங்க வீட்டுப் புள்ள. போயி உங்க அம்மாகிட்டயே கேட்டுட்டு வா” என்றார்.

கேட்கப் போனேன். அம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா இறந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணன் சம்பாத்தியத்தில் வீடு ஓடியது, தங்கை கல்யாணத்துக்கு இருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கை நின்றது.

“அவுங்க வீட்டுப் புள்ள. அவுங்க வழக்கப்படி செய்யட்டும்” என்றாள் கடைசியில். “அம்மன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

எழுந்து போய் ஒரு காசை எடுத்து, மஞ்சள் நனைத்த துணியில் வைத்து முடியப் பார்த்தாள். இரண்டு தரம் முடிந்தும் முடிச்சு நழுவியது. வயசாகிவிட்டது என்று கிண்டல் செய்துகொண்டே நானே அதை வாங்கி முடிச்சுப் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

கோயிலில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஒரு காதைக் குத்தினார், பிள்ளை வீரிட்டான். வாயில் வெல்லம் கலந்த பச்சரிசியைத் திணித்துவிட்டு மறு காதையும் குத்தினார். எல்லாரும் சிரித்தோம். எல்லாப் பிள்ளைக்கும் வருகிற மாதிரி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பிறகு இன்னொரு சொட்டு. ஆசாரி மஞ்சளை வைத்து அழுத்தினார், சுண்ணாம்பு வைத்தார். ரத்தம் வேகமாக ஒன்றும் வரவில்லை. நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது. பிள்ளையின் கழுத்துப் பட்டை நனைந்து, அண்ணன் வேட்டியிலும் இறங்கியது.

அப்போதுதான் தங்கை அந்த மஞ்சள் பையைத் திறந்தாள். உள்ளே புடவை இல்லை. பழைய வேட்டியை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, வெள்ளைவெளேர் என்று வெளுத்து, அடுக்கடுக்காக மடித்து வைத்திருந்தது. ஒரு துண்டில் மயில்கண் கரை தெரிந்தது. அப்பா கட்டுகிற வேட்டியிலும் அந்தக் கரைதான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து போனது. தங்கை துணியை மடித்து இரண்டு காதிலும் வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள்.

“பாத்தியா, சின்னப் பொண்ணுக்கு எவ்வளவு முன்யோசனை!” என்று மாமியாரே மெச்சினார். எனக்குத் தங்கையை நினைத்துப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

வீடு வந்து சேர்வதற்குள் பையில் இருந்த துணி பாதி தீர்ந்துவிட்டது. கடுக்கனைக் கழற்றிய பிறகும் பல நாள் கசிந்துதான் நின்றது. ஆசாரி இடம் தெரியாமல் குத்திவிட்டார் என்று பழி அவர் மேல் விழுந்தது. அந்த மனுஷர் அதன் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கன்றிப்போன தடங்கள் என் கண்ணில் பட ஆரம்பித்தன. பிள்ளை தவழ்ந்தபோதும் இருந்திருக்கும். அப்போது சுவரில் இடித்துக்கொண்டான் என்று விட்டிருப்போம். இப்போது தொடையில், முழங்கையில், விலாவில் நீலமும் கருப்புமாகத் திட்டுத் திட்டாக வந்தது. கையைப் பிடித்துத் தூக்கினால், பிடித்த விரல் நாலும் மறுநாள் அங்கே பதிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி குளிப்பாட்டும்போது எட்டிப் பார்த்துவிட்டு, “கோவத்தைப் புள்ள மேல காட்டாதம்மா” என்றாள். நான் வாய் நீளமானவள்தான், ஒத்துக்கொள்கிறேன். கை நீளமானவள் இல்லை. ஆனால் வாய் நீளமானவள் சொல்வதை யார் நம்புகிறார்கள்?

ஒரு நாள் மாலை என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, தூங்குகிற பிள்ளையின் முதுகைப் பார்த்தார். பிறகு என் வலது கையை எடுத்துத் திருப்பி விரல்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கையை விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நானும் சோறு போட்டேன்.

கொஞ்ச நாளில் அம்மா முறுக்குக் கூடையோடு பேரனைப் பார்க்க வந்தாள். மாமியார் அதற்காகவே காத்திருந்த மாதிரி பிள்ளையை இழுத்து நிறுத்தி டவுசரைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க சம்பந்தி. உங்க பொண்ணுக்குக் கை ஜாஸ்தி நீளுது. நீங்களே சொல்லி வைங்க.”

அம்மா குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள். விரலால் மெதுவாகத் தொட்டும் பார்த்தாள். நான் அடிக்க மாட்டேன் என்று அவளாவது சொல்வாள் என்று நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் டவுசரை இறக்கிவிட்டாள்.

“கண்டிச்சு வைக்கிறேன் சம்பந்தி” என்றாள்.

சொன்னபடி கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கண்டிக்கவும் செய்தாள். “புள்ளைய அடிக்காதடி.” நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். “சரி, விடு. பெரியவங்க சொன்னா கேட்டுக்க” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை நம்பவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். பெற்றவளே நம்பவில்லையே என்று அன்று முழுக்க அழுதேன்.

நாலு வயதில் முழங்கால் வீங்கியது. ஓடி விளையாடிவிட்டு வந்தவன் மறுநாள் எழுந்திருக்கவில்லை. தொட்டால் கொதித்தது. பழைய கடலூரில் ஒரு டாக்டர் மூட்டுவாதக் காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். விழுங்க விழுங்க மூக்கில் ரத்தம் வந்தது. அந்த மாத்திரையே ரத்தத்தை மேலும் நிற்கவிடாமல் செய்யும் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மாத்திரை சரிப்படவில்லை என்று ஒரு எண்ணெய் வைத்தியரிடம் தூக்கிப் போனோம். அவர் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றித் தன் பலம் முழுக்கப் போட்டு நீவிவிட்டார். முழங்கால் பனங்காய் அளவுக்கு ஆனது. அதன் பிறகு அந்தக் கால் முழுதாக நீளவே இல்லை. குதிகால் தரையில் படாமல் விந்தி விந்தி நடந்தான்.

இத்தனைக்கும் அம்மா வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். வந்து அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “நீவாதீங்கடி, தொடாதீங்கடி, சும்மா வச்சிருங்க” என்பாள். எண்ணெய் வைத்தியர் வீட்டுக்குப் போகவேண்டாம் என்று அழுதுகூடப் பார்த்தாள். ஏன் என்று கேட்டால், “எனக்குப் பயமா இருக்கு” என்பாள். பயந்தவள் பேச்சை யார் கேட்பார்கள்?

ஐந்து வயதில் கடைப் படியில் தடுக்கி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். சின்னக் காயம். ஆனால் வாய் நிறைய நிறைய ரத்தம் ஊறியது, துப்பினான், விழுங்கினான், வாந்தி எடுத்தான். உதடு வெளுத்துவிட்டது. கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் வீட்டுக்காரரின் ரத்தத்தை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். துணைக்கு அம்மாவும் வந்திருந்தாள்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர், படித்து முடித்துப் புதிதாக வந்தவர், என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார்.

“உங்க அம்மா வீட்டுப் பக்கம் ஆம்பளப் பிள்ளைங்க யாராவது இது மாதிரி ரத்தம் நிக்காம இறந்துபோயிருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். “இல்லீங்க சார். எங்க பக்கம் அப்படி யாரும் இல்ல.”

“இவங்க கூடப் பிறந்தவங்கள்ல?”

“இவங்களுக்கெல்லாம் மூத்தவன் ஒருத்தன் இருந்தான். அம்மையில போயிட்டான்.”

அது எனக்கும் தெரிந்ததுதான். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தாள். நானும் தலையை ஆட்டினேன். டாக்டர் எழுதிக்கொண்டு, அப்படியானால் இது வேறு ஏதோ என்றார். ரத்தத்திலேயே புற்று இருக்கலாம், எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் கத்திய கத்தல் வராந்தா கடந்து வாசலுக்குக் கேட்டதாம். அம்மா வராந்தாவில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். பேரன் மேல் எவ்வளவு பாசம் என்று அந்த நேரத்திலும் எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. ஊசி இறங்கிய இடம் கட்டியாக வீங்கிப் பல வாரம் கிடந்தது. அவன் பெரியவனான பிறகும் அங்கே ஒரு குழி இருந்தது.

புற்று இல்லை என்று வந்தது. அந்த டாக்டரே, பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பினார். நானும் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி பஸ்ஸில் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர், நடு வயது, அவனிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்தார், என்னிடமும் எடுத்தார். இரண்டையும் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வெந்நீர்ச் சட்டியில் நிறுத்தினார். அவ்வப்போது எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். என் ரத்தம் சீக்கிரமே தயிர் மாதிரி உறைந்துவிட்டது. சாய்த்தால் அசையவில்லை. அவனுடையது அவர் சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. மறுபடி வைத்தார், மறுபடி சாய்த்தார், ஓடியது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

ஹீமோபீலியா என்று பேரைச் சொன்னார். வீட்டுக்காரர் அதை நாலு தரம் சொல்லிப் பார்த்தும் வாயில் நிற்கவில்லை. மருந்து கிடையாது. ரத்தம் வந்தால் உடனே கொண்டுவந்து ஏற்ற வேண்டும், சதையில் ஊசி கூடாது, நீவக் கூடாது, அந்த மாத்திரை கூடவே கூடாது. முழங்கால் வீக்கமும் உள்ளே கசிந்த ரத்தம்தானாம். கவனமாக வளர்த்தால் வளர்வான் என்றார்.

“இது அம்மா வழியா வரும்மா. பொண்ணுங்க சுமந்துக்கிட்டிருப்பாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் வரும். சில நேரம் ஒரு வீட்டுல புதுசாவும் வரும். உங்க அம்மாவுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?”

“பொறந்தாங்கன்னு சொல்வாங்க. யாரும் தங்கல.”

கடலூர் டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டைப் படித்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க மூத்த அண்ணன் போனது அம்மையிலதானா? வீட்டுல ஒரு தடவை கேட்டுப் பாருங்க” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாலம் வந்ததும், “அன்னைக்கு உன் கையத் திருப்பிப் பாத்தேன்ல, அது தப்பு” என்றார். மறுநாள் கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூபெல்லாம் கொண்டுவந்து நீளமாக வெட்டி, வீட்டுப் படி, ஜன்னல் கட்டை, கட்டில் முனை எல்லாவற்றிலும் வைத்து ஆணி அடித்தார். வீடே ரப்பர் வாடை அடித்தது. அந்த மனுஷரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நான் சிதம்பரத்துக்கு வண்டி ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகிற வண்டி. யோசிக்க வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. எங்கள் தெருவில் அம்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இரண்டு உண்டு. அம்மனே எடுத்துக்கொண்டாள் என்பார்கள், வாய்விட்டு அழ மாட்டார்கள். ஆடி பிறந்தால் அந்தப் பிள்ளை பேரைச் சொல்லிக் கூழ் காய்ச்சித் தெருவுக்கு ஊற்றுவார்கள். சோற்றுக்கே சிரமப்பட்ட வருடத்தில்கூட விடமாட்டார்கள். என் அம்மா வருடாவருடம் சொம்பை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் கூழ் வாங்கிவருவாள். எங்கள் வீட்டில் ஒரு ஆடிக்கும் கூழ் ஊற்றியதில்லை. செத்துப்போன மூத்த அண்ணன் பேர் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது இது எனக்குப் பட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு அண்ணாகிராமத்துப் பக்கம் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. முந்திரித் தோப்பும் பலாவும் இருக்கிற குடும்பம். கூடத்தில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எங்களுக்கெல்லாம் மூத்தவனுக்கு ஏம்மா கூழ் ஊத்துனதில்ல?”

முறம் நின்றது. “என்னாடி வந்ததும் வராததுமா...”

“அவன் அம்மையில போகல. காது குத்தித்தானே போனான்?”

வாய் தவறி வந்த கேள்விதான். அதுவரை எனக்கே அது உறுதியில்லை. அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். பிறகு எல்லாம் வந்தது. அவளுக்கு மூன்று தம்பிகளாம். ஒருவன் பல் விழுந்து போனான், ஒருவன் மரத்திலிருந்து விழுந்து போனான், ஒருவன் ஒன்றுமே இல்லாமல் வயிறு வீங்கிப் போனான். அம்மன் குற்றம் என்றார்கள். கல்யாணமாகி முதல் பிள்ளை. காது குத்தினார்கள். நிற்கவே இல்லை.

“இனிமே எம்புள்ளைங்களுக்குக் குத்த மாட்டேன்னு அன்னைக்கு வேண்டிக்கிட்டேன். உங்க அண்ணன் நல்லாதானே இருக்கான்?”

“அந்த டாக்டர் அவ்வளவு கேட்டாரே. ஏம்மா இல்லன்ன? அவன் எலும்புல ஊசியக் குத்துனப்ப வெளியில நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்த?”

“அவரு வியாதிய இல்ல கேட்டாரு? இது சாமி குத்தம்டி. அதைப் போயி டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா? நான் என்ன படிச்சவளா?” அழுதாள். “உங்க அண்ணனுக்கு வரல. அதோட போச்சுன்னு இருந்தேன். உம்புள்ளைக்கு வரும்னு சத்தியமா நெனக்கலடி. உங்க அப்பா மேல சத்தியம்.”

நான் கல்லாகத்தான் போயிருந்தேன். ஆனால் அவள் அழுதபோது மனம் இளகியது. எழுதப் படிக்கத் தெரியாதவள், தம்பிகளையும் பிள்ளையையும் சாமிக்கு என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள், அவளை என்ன கேட்பது என்று தோன்றியது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

தங்கை கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இவளுக்காவது யாராவது சொல்ல வேண்டும் என்று போய்க் கல்லில் உட்கார்ந்து பாண்டிச்சேரி டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். பெண்கள் சுமப்பார்கள், உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றேன். அவள் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள்.

“அப்ப அந்தத் துணி அதுக்குத்தானாக்கா?”

“எந்தத் துணி?”

“காது குத்துக்கு எடுத்தாந்தேனே. அம்மாதான் கட்டிக் குடுத்தாங்க. பொட்டியில வச்சிருந்த அப்பா வேட்டியெல்லாம் எடுத்துக் கிழிச்சு, சோடா உப்பு போட்டு வேகவச்சு, வெய்யில்ல காயவச்சாங்க. ஏம்மா, அப்பா வேட்டியப் போயின்னு கேட்டேன். நல்லா நைஞ்ச துணிதான் ரத்தத்தைப் புடிக்கும்னாங்க. ‘நிக்கலன்னா வச்சிக் கட்டு. அக்கா கேட்டா நானா எடுத்தாந்தேன்னு சொல்லு’ன்னாங்க.”

அப்பா போன பிறகு அந்தப் பெட்டியை யாரையும் தொடவிடமாட்டாள் அம்மா. கற்பூரம் போட்டு வைத்திருந்தாள். அதைத் திறந்து, ஒவ்வொரு வேட்டியாக எடுத்து உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை. நான் மாமியாரோடு சண்டை போட்டுக் காது குத்தை நிறுத்தியிருப்பேன். சண்டை எனக்குத் தெரியாததா? வார்த்தைக்குப் பதில் துணியை அனுப்பியிருக்கிறாள். ரத்தம் வரும் என்று தெரிந்து, வந்தால் பிடிக்க, சீர்த்தட்டோடு சேர்த்து அனுப்பியிருக்கிறாள். காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். பார்க்கத் தைரியம் இல்லை.

உள்ளே போனேன். அம்மா மறுபடி முறத்தை எடுத்திருந்தாள்.

“அப்பா மேல சத்தியம் பண்ணியே, அப்பா வேட்டியெல்லாம் எங்கம்மா?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள். கல் இல்லாத அரிசி. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பின்னாலேயே வாசல்வரை வந்தாள். “உனக்குக் கல்யாணம் பண்ணப்பவும் இதைச் சொல்லியிருந்தா உன்னை யாருடி கட்டியிருப்பான்? இவ கல்யாணம் முடியட்டும். அப்பறம் ஊருக்கே சொல்லு” என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வரை கூட வந்த தங்கையிடம் மட்டும், மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுக் கட்டிக்கொள், ஒத்துக்கொள்கிறவன் கிடைப்பான் என்றேன். “சொல்றேன்க்கா” என்றாள்.

செம்மண்டலத்தில் மாமியார், “உங்க வீட்டுச் சொத்து எம்பேரன் தலையில வந்து விழுந்துச்சு” என்று கொஞ்ச நாள் பேசினார். அதற்குப் பிறகு அவரே அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தார். கல்யாணத்துக்குத் தேதி குறித்ததும் பையன் தூங்குவதே இல்லை. சித்தி கல்யாணம், சித்தி கல்யாணம் என்று ஒரே பாட்டு. அவன் அப்பா பச்சைச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். அதைத் தினம் எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பான்.

முகூர்த்தப் புடவை எடுக்கத் திருப்பாதிரிப்புலியூர் வந்த அண்ணனும் தங்கையும் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கூடத்தில் என் வீட்டுக்காரரிடம், “மச்சான் முந்தின நாளே வந்துடணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். தங்கை பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். அவன் சட்டையை எடுத்துக் காட்டினான். பிறகு அவள் சமையல்கட்டுக்கு என் பின்னால் வந்தாள்.

“அக்கா, நீயும் மாமாவும் கட்டாயம் வரணும். புள்ளைய அத்தைகிட்ட விட்டுட்டு வாயேன்.”

“ஏன்?”

“கூட்டமா இருக்கும். யாராவது இடிச்சிட்டா...”

“நான் பாத்துக்கிறேன்.”

அவள் சுவரில் நகத்தால் கீறினாள். “அவன் நடக்கறதைப் பாத்துட்டு அவுங்க கேப்பாங்கக்கா. என்னா வியாதின்னு கேட்டா என்ன சொல்றது?”

“நீ சொல்லலையா?”

“அம்மா வேணாம்னுட்டாங்க.” கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. “எனக்கும் பயமா இருக்குக்கா.”

அம்மாவின் குரலேதான். முதன்முதலில் அவன் காதிலிருந்து வந்த ரத்தத்தைத் தன் கையால் பிடித்தவள் இவள். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம் வைத்துக் கொடுத்து முறைப்படி அனுப்பினேன். பிள்ளை வாசலில் நின்று அவர்கள் தெரு திரும்பும்வரை கையை ஆட்டினான்.

நாங்கள் யாருமே போகவில்லை. முகூர்த்தத்தன்று காலை அவன் தானாகவே குளித்து, பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். வண்டிக்கு நேரமாகவில்லையா என்று கேட்டான். உடம்பு சரியில்லை, மழை வரும், வண்டி இல்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகள் போனார்கள். இந்த வீட்டில் இனி அது கிடையாது என்று நான் முடிவு செய்திருந்தேன். பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். உனக்கு ரத்தம் நிற்காத வியாதி இருக்கிறது, அது நம் வீட்டிலிருந்து வந்தது, உன் காலைப் பார்த்தால் அங்கே தெரிந்துவிடும் என்று உன்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன்.

அவன் அழவில்லை. தன் முழங்காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் ஓட மாட்டேன்மா. ஒரே எடத்துல உக்காந்திருப்பேன்” என்றான். பிறகு, “வேட்டி கட்டிக்கிட்டா காலு தெரியாதுல்ல?” என்றான்.

கொடியிலிருந்து அவன் அப்பாவின் வேட்டியை எடுத்து, இரண்டாக மடித்து, பச்சைச் சட்டைக்கு மேல் இழுத்துக் கட்டிவிட்டேன். முழங்கால் மறைந்துவிட்டது. அவன் சைக்கிள் டியூப் அடித்த வாசற்படி வரை மெதுவாக நடந்து போய், திரும்பி நடந்து வந்து என் முன்னால் நின்றான்.

“தெரியலைல்லம்மா?”

நடக்கும்போது தெரிந்தது. தெரியுது கண்ணு என்றுதான் சொன்னேன்.